பத்து கோடி அலை, ஒரு சால்

2024 மே 10, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் நடுமேற்குச் சமவெளியில் மக்காச்சோள விதைப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அந்த ஊர்களில் மே மாதத்தின் ஒரு நாள் என்பது நம் ஊரில் ஆடிப்பட்டத்தின் ஒரு நாள் மாதிரி. தவறவிட்டால் விளைச்சலில் கை வைக்கும். அப்படிப்பட்ட நாளில் நெப்ராஸ்காவிலும் மின்னசோட்டாவிலும் டிராக்டர்கள் தடுமாறின. எஞ்சினில் கோளாறில்லை, டீசலும் இருந்தது. ஆனால் கூரை மேல் உட்கார்ந்திருந்த வட்டமான ஜி.பி.எஸ் குமிழுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது மறந்துபோய்விட்டது. நேர்கோட்டில் போக வேண்டிய இயந்திரம் பக்கவாட்டில் நழுவியது. சிலருக்குத் திரையில் கோடே இல்லை. கருவி விற்ற கடைக்காரர்கள், திருத்த சிக்னலை இப்போது நம்பவேண்டாம், முடிந்தால் விதைப்பை நிறுத்திவைக்கலாம் என்று வாடிக்கையாளர்களுக்குச் செய்தி அனுப்பினார்கள்.

அன்றிரவு வானம் சிவந்தது. துருவத்துக்கு அருகில் மட்டும் தெரியும் ஒளித்திரை ஃபுளோரிடா வரை இறங்கி வந்தது. நம் லடாக்கின் ஹான்லேயில் உள்ள வானாய்வகக் கேமராவிலும் செந்நிறம் பதிவானது. பூமியைப்போல் பதினைந்து மடங்கு அகலமான ஒரு கரும்புள்ளிக் கூட்டத்திலிருந்து சூரியன் அடுக்கடுக்காக வீசிய பிளாஸ்மா மேகங்கள்தான் காரணம். 2003ஆம் ஆண்டுக்குப் பிறகு பூமியைத் தாக்கிய மிகக் கடுமையான காந்தப் புயல் அது.

பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கொந்தளிப்பு. இங்கே ஒரு விவசாயியின் சால் கோணிவிட்டது. இந்த இரண்டுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பார்த்தால், டிராக்டருக்கு வழிகாட்டும் கருவி வாங்கப் போகிறவர் கடையில் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில், சால் ஏன் அவ்வளவு நேராக இருக்க வேண்டும்? அழகுக்காக என்று நினைப்பவர்கள் உண்டு. நம் ஊரில் பத்து ஏர் பூட்டி உழும்போது முன்னத்தி ஏர் பிடிப்பவருக்குத் தனி மரியாதை. அவர் போட்ட சாலைப் பார்த்துத்தான் பின்னால் வருகிற ஏர்கள் போகும். முன்னது ஒரு சாண் கோணினால் பின்னது அத்தனையும் கோணும். அமெரிக்கச் சமவெளியிலும் இதே கதைதான், ஏருக்குப் பதில் 24 வரிசை விதைப்பு இயந்திரம். வரிசைக்கு வரிசை 76 செண்டிமீட்டர்; மொத்த அகலம் 18 மீட்டருக்கு மேல். வழிகாட்டும் கருவி இல்லாவிட்டால், பக்கவாட்டில் நீண்ட ஓர் இரும்புக் கை மண்ணில் கோடு கீறிக்கொண்டே வரும். அடுத்த சுற்றில் அந்தக் கீறலின் மேல் டிராக்டரின் மூக்கை வைத்து ஓட்டவேண்டும். மருந்து தெளிப்பவர்களுக்குக் கீறலும் இல்லை. தெளிப்பானின் நுனியிலிருந்து சோப்பு நுரை சொட்டுச் சொட்டாக விழும். வெயிலில் அது காய்வதற்குள் திரும்பி வந்து பிடிக்கவேண்டும்.

கண்ணை நம்பி ஓட்டுகிறவர் இடைவெளி விழுந்துவிடுமோ என்ற பயத்தில் எப்போதும் முந்தைய சுற்றின் மேல் கொஞ்சம் ஏறியே ஓட்டுவார். 30 மீட்டர் அகலத் தெளிப்பானில் ஒன்றரை மீட்டர் மேலேறினால் 5 சதவீதம். 2,000 ஹெக்டேர் பண்ணையில் 100 ஹெக்டேருக்கு இரண்டு முறை மருந்து அடித்த கணக்கு. விதைத்த பிறகும் வேலை முடியவில்லை: வரிசைக்கு நடுவே உரம் வைக்க ஒரு முறை, களையெடுக்க ஒரு முறை, அறுவடைக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் சக்கரம் அந்த 76 செண்டிமீட்டர் சந்துக்குள்தான் போகவேண்டும். ஒரு சாண் தவறினால் பயிர் சக்கரத்தடியில்.

நம் கைப்பேசியில் இருக்கும் ஜி.பி.எஸ்ஸைக் கொண்டு இதைச் செய்ய முடியாது. ஓட்டலுக்கு வழி காட்டும்போது அது மூன்று, நான்கு மீட்டர் தள்ளிக் காட்டினாலும் நாம் கண்டுகொள்வதில்லை. ஓட்டல் வாசல் பெரியது. மூன்று மீட்டர் என்பது மக்காச்சோளத்தில் நான்கு வரிசை.

அந்த மூன்று மீட்டர் எப்படி மூன்று செண்டிமீட்டராகச் சுருங்கியது என்பதுதான் எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த கதை.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் முப்பது சொச்சம் ஜி.பி.எஸ் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. "இப்போது மணி இது, நான் இங்கே இருக்கிறேன்" என்பதைத்தான் அவை ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அந்தச் செய்தி எவ்வளவு நேரம் கழித்து வந்து சேர்ந்தது என்று பார்த்து, கீழேயுள்ள கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. நான்கு கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் கிடைத்துவிடும். இட அளவுகள் மூன்றே. நான்காவது கோள் எதற்கென்றால், கீழேயுள்ள கருவியிலிருப்பது மலிவான கடிகாரம். அதன் தவறைக் கண்டுபிடிக்க ஒன்று வேண்டும்.

ஒளி ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் 30 செண்டிமீட்டர் போய்விடும். ஆகவே கடிகாரத்தின் மிகச் சிறு பிசகும் தரையில் பெரிய தூரம். ஐன்ஸ்டீன் இங்கே நேரடியாக வயலுக்குள் வருகிறார். மேலே ஈர்ப்பு குறைவாக இருப்பதால் கடிகாரம் வேகமாகவும், கோள் விரைந்து ஓடுவதால் சற்று மெதுவாகவும் ஓடுகிறது. இரண்டையும் கழித்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 38 மைக்ரோநொடி முந்தும். அதைச் சரிசெய்யாமல் விட்டால் ஒரே நாளில் சேரும் தூரப் பிழை 11 கிலோமீட்டர். கோளைச் செய்யும்போதே கடிகாரத்தின் துடிப்பைக் கொஞ்சம் மந்தமாக வைத்துத்தான் மேலே அனுப்புகிறார்கள்.

இவ்வளவு செய்தும் மீட்டர்க் கணக்குதான் கிடைக்கிறது. காரணம், கோள் அனுப்பும் குறியீட்டுச் சங்கிலியில் ஒரு கண்ணியின் நீளமே ஏறத்தாழ 300 மீட்டர். அதை நூறு கூறாகப் பிரித்துப் பார்த்தால்தான் மூன்று மீட்டர். வேறொரு அளவுகோல் வேண்டும். அது கையிலேயே இருந்தது: அந்தக் குறியீட்டைச் சுமந்து வரும் வானொலி அலை. அதன் அலைநீளம் 19 செண்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு சாண். ஓர் அலைக்குள் நாம் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை மில்லிமீட்டர் கணக்கில் அளந்துவிடலாம்.

அப்படியானால் ஏன் ஆரம்பத்திலேயே அதைச் செய்யவில்லை? நிமிட முள் மட்டும் உள்ள ஒரு கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 17 நிமிடம் என்று துல்லியமாகக் காட்டும். எந்த மணிக்குப் பிறகு 17 நிமிடம் என்று சொல்லாது. அலையும் அப்படித்தான். டிராக்டருக்கும் கோளுக்கும் நடுவே சுமார் பத்தரை கோடி முழு அலைகள் நிற்கின்றன. எல்லா அலையும் ஒரே அச்சு. அதில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கணக்கு ஒரு சாண் தப்பும். அந்த முழு எண்ணைச் சரியாகப் பிடிப்பதுதான் மொத்த வித்தையும். பல கோள்களை ஒரே நேரத்தில் கேட்டு, இரண்டு வெவ்வேறு அலைநீளங்களை ஒப்பிட்டு, கோள்கள் நகர நகரப் பொருந்தாத எண்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, கடைசியில் பொருந்தும் ஒரே தொகுதியைப் பிடிக்கிறது கருவி. பிடித்ததும் திரையில் 'ஃபிக்ஸ்' என்று வரும். மரத்தடியில் போனால் எண்ணிக்கை அறுந்து 'ஃப்ளோட்' ஆகிவிடும்; செண்டிமீட்டர் போய் டெசிமீட்டர் வந்துவிட்டது என்று பொருள்.

இதற்கும் ஒரு துணை தேவை. கோளின் சிக்னல் வரும் வழியில் அயனி மண்டலம் இருக்கிறது. சூரிய ஒளியால் எலக்ட்ரான்கள் பிய்ந்து மிதக்கும் அந்த அடுக்கு சிக்னலைத் தாமதப்படுத்தும். தாமதம் சில மீட்டர் முதல் பல மீட்டர் வரை போகும். அதற்குக் கீழே ஈரக்காற்று இன்னும் கொஞ்சம் தாமதப்படுத்தும். இதையெல்லாம் டிராக்டர் தனியாக நின்று கண்டுபிடிக்க முடியாது. ஆனால் வயலோரத்தில் இன்னொரு கருவியை ஒரு தூணில் நட்டு, அது நிற்கும் இடத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால்? கோள்கள் சொல்வதற்கும் தனக்குத் தெரிந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அது கண்டுபிடித்து ரேடியோவில் கூவிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஓடும் டிராக்டர் பார்ப்பதும் அதே வானம், ஆகவே அதே பிழைதான். கழித்துவிட்டால் தீர்ந்தது. இந்த ஏற்பாட்டுக்குத்தான் ஆர்.டி.கே என்று பெயர். தூண் பத்து, இருபது கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும். அதற்கு மேல் போகப்போக இரண்டும் பார்க்கும் வானம் வேறாகிவிடும். 2024 மே புயல் குலைத்ததும் இந்த அயனி மண்டலத்தைத்தான்; திருத்தத்தை நம்ப முடியாமல் போனது அதனால்தான்.

இடம் தெரிந்த ஒரு புள்ளியிலிருந்து தெரியாத புள்ளியைப் பிடிக்கும் கலை நமக்குப் புதிதல்ல. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி சென்னைப் பரங்கிமலைக்குக் கீழே எஃகுச் சங்கிலியை விரித்து, பெரும்பாக்கம் பக்கம் வரை 12 கிலோமீட்டர் நீள அடிக்கோடு ஒன்றை 57 நாளில் அளந்து முடித்தார். இமயமலையின் உயரம் வரைக்கும் போன நில அளவை அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்கியது. வெயிலில் சங்கிலி நீளும் என்று அதன் பக்கத்தில் வெப்பமானி வைத்துக் கழித்துக்கொண்டே வந்தார்கள். பிழையை ஒழிக்க முடியாவிட்டாலும் அதை அளந்து கழிக்கலாம் என்ற அதே யோசனை. அந்த அளவைப் பரம்பரையைச் சேர்ந்த இந்திய நில அளவைத் துறை இப்போது நாடு முழுக்க நிரந்தர ஜி.பி.எஸ் நிலையங்களை நட்டு, செண்டிமீட்டர்த் திருத்தத்தை இணையம் வழியாகத் தருகிறது.

டிராக்டருக்கு இந்த அறிவைப் புகட்டியவர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மாணவர்கள். 1990களின் நடுவில் மைக்கேல் ஓகானர், தாமஸ் பெல், கேப்ரியல் எல்கைம் ஆகியோர் ஒரு ஜான் டியர் 7800 டிராக்டரின் கூரையில் நான்கு ஆண்டெனாக்களை வைத்து, ஆள் தொடாமல் நேர்கோட்டில் ஓட்டிக் காட்டி 1996இல் முடிவை வெளியிட்டார்கள். கோட்டிலிருந்து விலகல் ஓர் அங்குல அளவிலேயே நின்றது. அமெரிக்க ராணுவம் அப்போது பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்துகொண்டிருந்தது. தனியாக நிற்கும் கருவி நூறு மீட்டர்கூடத் தப்பும். அந்தக் கலப்படம் 2000 மே முதல் தேதி நள்ளிரவில்தான் நின்றது. ஆனால் தூணும் டிராக்டரும் ஒரே கலப்படத்தைக் கேட்டதால் அதுவும் கழிந்துபோயிற்று.

அந்த மாணவர்களின் பேராசிரியர் பிராட்ஃபோர்டு பார்க்கின்சன். 1970களில் ஜி.பி.எஸ் திட்டத்தையே தலைமையேற்று உருவாக்கிய விமானப்படைக் கர்னல் அவர்தான். ஒரே குழியில் ஐந்து குண்டு விழவேண்டும், அதையும் மலிவான கருவியால் செய்யவேண்டும் என்பது அவருடைய அலுவலகத்தின் குறிக்கோளாக இருந்தது. குண்டுக்காகச் செய்ததை இருபது வருடம் கழித்து விதைக்குத் திருப்பியதில் அவருக்கும் பங்கு கிடைத்தது. இன்று அமெரிக்காவில் மக்காச்சோளம், சோயா, பருத்தி போன்ற பெரிய பயிர்களின் பரப்பில் பாதிக்கு மேல் தானியங்கி ஸ்டீயரிங்கில்தான் ஓடுகிறது என்கிறது அந்நாட்டு வேளாண் துறை.

இடம் தெரிந்தால் மட்டும் போதாது. ஆண்டெனா இருப்பது கூரையில். விதை விழுவது மண்ணில். கூரை மூன்று மீட்டர் உயரம் என்று வையுங்கள். சரிவில் டிராக்டர் 5 டிகிரி சாய்ந்தால் ஆண்டெனா பக்கவாட்டில் 26 செண்டிமீட்டர் நகர்ந்துவிடும். 10 டிகிரியில் அரை மீட்டர். இரண்டு செண்டிமீட்டர்த் துல்லியத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, சாய்வைத் திருத்தும் சென்சார் இல்லாத பெட்டியை வாங்கினால் அந்தக் காசு சரிவோடு உருண்டுவிடும். மேடு பள்ளமுள்ள நிலக்காரர் விலைப்பட்டியலில் முதலில் தேடவேண்டிய வரி இதுதான்.

இன்னொரு சூட்சுமம் திசை. ஒற்றை ஆண்டெனா, தான் நகர்ந்த பாதையை வைத்தே தன் முகம் எந்தப் பக்கம் என்று ஊகிக்கிறது. நின்றுவிட்டாலோ ஊர்ந்தாலோ பின்னோக்கிப் போனாலோ அது குழம்பும். காய்கறி நாற்று நடுகிற மாதிரி நத்தை வேகத்தில் வேலை செய்பவருக்கு இரட்டை ஆண்டெனா வேண்டும். வேகமாக மருந்தடிப்பவருக்கு அது ஆடம்பரம்.

திருப்பும் கைக்கும் தரங்கள் உண்டு. அடிமட்டத்தில் ஒரு விளக்குப் பட்டை: இடப்பக்கம் விலகினால் ஒரு நிறம், வலப்பக்கம் விலகினால் இன்னொன்று. திருப்புவது டிரைவரின் வேலை. விலை குறைவு, தெளிப்பதற்கும் உரம் வீசுவதற்கும் பெரும்பாலும் இதுவே போதும் என்பது என் அபிப்பிராயம். அடுத்தது ஸ்டீயரிங்கிலேயே பொருத்தும் மின்மோட்டார். பழைய டிராக்டரிலும் ஒரு மணி நேரத்தில் மாட்டலாம், கழற்றி இன்னொன்றிலும் மாட்டலாம். உச்சியில், ஹைட்ராலிக் வால்வை நேரடியாகத் திறந்து மூடி, முன்சக்கரத்தின் கோணத்தைச் சென்சாரால் பார்த்துத் திருப்பும் முறை. வேகத்தில் நடுக்கம் இல்லாமல் கோட்டைப் பிடிப்பது இதுதான்.

டிராக்டர் கோட்டில் போனாலும் அதன் பின்னால் வரும் கருவி கோட்டில் வரும் என்று உத்தரவாதமில்லை. மாடு நேராகப் போக, கலப்பை சரிவில் நழுவுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதற்காகக் கருவியின் மேலும் ஓர் ஆண்டெனா வைப்பவர்கள் உண்டு.

இப்போது கடையில் சொல்லப்படும் எண்களுக்கு வருவோம். "2 செண்டிமீட்டர்", "15 செண்டிமீட்டர்" என்று அட்டையில் போட்டிருப்பார்கள். எதற்கும் எதற்கும் இடையே என்று கேட்கவேண்டும். இந்தச் சுற்றுக்கும் கால் மணி நேரத்தில் வரும் அடுத்த சுற்றுக்கும் இடையிலா? அல்லது இன்று போட்ட கோட்டை அடுத்த வருடம் திரும்ப வந்து தேடினால் கிடைக்கும் துல்லியமா? முதலாவது எளிது, ஏனென்றால் கால் மணி நேரத்தில் வானம் அதிகம் மாறாது; பிழை இருந்தாலும் இரண்டு சுற்றுக்கும் ஒரே பிழை. இரண்டாவதுதான் கடினம். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது அனேகமாக முதலாவது.

ஆஸ்திரேலியக் கோதுமைக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் உயிர். அங்கே பலர் போன வருட அரிதாளின் இரண்டு வரிசைக்கு நடுவே இந்த வருட விதையை விடுகிறார்கள். இடைவெளி முப்பது செண்டிமீட்டர் சுமார். அதன் நடுவைப் பிடிக்கவேண்டும். இன்னும் பலர் எல்லா இயந்திரங்களின் சக்கரமும் வருடா வருடம் ஒரே தடத்தில் மட்டும் ஓடும்படி வைத்திருக்கிறார்கள். ஏழில் ஒரு பங்கு நிலத்தை இறுகவிட்டு, மீதி முழுவதையும் சக்கரம் மிதிக்காமல் பொலபொலவென்று காப்பாற்றும் உத்தி. தடம் ஒரு முழம் நகர்ந்தாலும் திட்டமே வீண்.

அங்கேதான் ஒரு வேடிக்கை. அவர்களுடைய கண்டமே நகர்கிறது. ஆஸ்திரேலியத் தட்டு வருடத்துக்கு 7 செண்டிமீட்டர் வடகிழக்காகப் போகிறது. 1994இல் அந்த நாட்டு வரைபடத்தின் ஆயத்தொலைவுகளை நிலத்தோடு சேர்த்துப் பூட்டினார்கள். ஜி.பி.எஸ்ஸோ பூமி முழுவதையும் ஒன்றாகப் பார்க்கிறது. கண்டம் நகர்ந்ததை அது கவனித்துவிடுகிறது. 26 வருடத்தில் வரைபடத்துக்கும் வானத்துக்கும் 1.8 மீட்டர் பேதம் வந்துவிட்டது. நகரத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஆளில்லாமல் டிராக்டர் ஓடப்போகும் வயலுக்கு அது பெரிய பேதம். அரசு புதிய ஆயமுறையை வகுத்து 2020க்கு ஏற்ப எண்களை நகர்த்தியது. இந்தியத் தட்டும் சும்மா இல்லை. வருடத்துக்குச் சுமார் 5 செண்டிமீட்டர் நகர்கிறது. வயலிலேயே தூண் நட்டிருப்பவருக்கு இந்தக் கவலை கிடையாது, தூணும் வயலோடு சேர்ந்து நகர்கிறது. விண்ணிலிருந்து திருத்தம் வாங்குபவர் அந்தச் சேவை எந்த ஆயமுறையில் பேசுகிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

விண்ணிலிருந்தும் திருத்தம் வருமா என்றால், வரும். உலகெங்கும் பரவிய சில பத்து நிலையங்கள் கோள்களைக் கண்காணித்து, அவற்றின் கடிகாரப் பிழையையும் பாதைப் பிழையையும் கணக்கிட்டு, தகவல்தொடர்புக் கோள் வழியாகக் கீழே அனுப்புகின்றன. தூணும் வேண்டாம், கைப்பேசிக் கோபுரமும் வேண்டாம். பதிலுக்கு வருடச் சந்தா உண்டு. காலையில் இயந்திரத்தைக் கிளப்பினால் துல்லியம் சேரப் பல நிமிடங்கள் காத்திருக்கவேண்டும். ஐரோப்பாவின் கலிலியோ 2023 ஜனவரியிலிருந்து 20 செண்டிமீட்டர் சுமாருக்கு இதை இலவசமாகவே தருகிறது. ஜப்பான் தன் மிச்சிபிக்கி கோள்கள் வழியாக 2018 நவம்பரிலிருந்து சில செண்டிமீட்டர்வரை தருகிறது. மலைகளுக்கு இடையே சிறு நெல்வயல்களும் முதிய விவசாயிகளும் உள்ள அந்த நாட்டுக்கு ஓட்டுநரில்லா டிராக்டர் ஆடம்பரமல்ல. நம் நாட்டின் ககன் என்ற திருத்தச் சேவை விமானங்களுக்காகப் பிறந்தது. மீட்டர்க் கணக்குத் துல்லியத்துக்கு மேல் அதனிடம் கேட்கக்கூடாது.

விண்ணை நம்புவதில் உள்ள ஆபத்து 2023 ஏப்ரலில் தெரிந்தது. ஆசிய-பசிபிக் பகுதிக்குத் திருத்தத்தைச் சுமந்த ஓர் இன்மார்சாட் தகவல்தொடர்புக் கோள் பழுதானது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சரியான விதைப்பு நேரத்தில் டிராக்டர்கள் நின்றன. ஜி.பி.எஸ் கோள்கள் அனைத்தும் நலமாகவே இருந்தன. திருத்தம் மட்டும் வரவில்லை. தங்கள் வயலில் தூண் வைத்திருந்தவர்கள் தம் பாட்டுக்கு விதைத்துக்கொண்டிருந்தார்கள்.

தூணுக்கும் குணதோஷம் உண்டு. தகரக் கூரைக்குப் பக்கத்தில் நட்டால் சிக்னல் அதில் மோதித் திரும்பி வந்து குழப்பும். இந்தப் பிழை தூணுக்கு மட்டுமே சொந்தம் என்பதால் கழித்தாலும் போகாது. யாராவது டிரெய்லரால் இடித்துத் தூணை ஒரு சாண் நகர்த்திவிட்டால் பண்ணையின் அத்தனை கோடுகளும் ஒரு சாண் நகரும்.

நம் பக்கத்து வானத்துக்கு ஒரு தனிக் குணமும் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு கேரளத்தின் தும்பா, நம் திருநெல்வேலிக்கு அருகில்தான் போகிறது. 1963 நவம்பரில் இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம். சூரியன் மறைந்த பிறகு இந்தக் கோட்டை ஒட்டிய அயனி மண்டலத்தில் குமிழ்கள் கிளம்பும். சிக்னல் நட்சத்திரம்போல மினுங்கும். அலைகளின் எண்ணிக்கை அறுந்துபோகும். சம இரவு மாதங்களிலும் சூரியன் உக்கிரமாக இருக்கும் வருடங்களிலும் இது அதிகம். பிரேசில் சோயாக்காரர்கள் பொழுது சாய்ந்ததும் கருவி கிறுக்குப் பிடித்தாற்போல் ஆவதாகப் புலம்புவது இதனால்தான். காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பவர், இரண்டு அல்லது மூன்று அலைவரிசைகளையும் ஜி.பி.எஸ்ஸோடு மற்ற நாட்டுக் கோள்களையும் கேட்கும் கருவியைத்தான் வாங்கவேண்டும். அமெரிக்காவின் ஐயோவாக்காரருக்கு எழுதிய பரிந்துரை இங்கே அப்படியே பொருந்தாது.

விலை இறங்கிக்கொண்டிருக்கிறது. 2018இல் யூ-பிளாக்ஸ் என்ற சுவிஸ் நிறுவனம் தபால்தலை அளவில் இரட்டை அலைவரிசைச் சில்லு ஒன்றை அறிவித்தது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்து விவசாயி பிரையன் டிஷ்லர் எழுதிய அக்ஓபன்ஜி.பி.எஸ் என்ற மென்பொருள் இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. இந்த இரண்டையும் ஒரு சிறு மோட்டாரையும் சேர்த்து, பெரிய நிறுவனத்துப் பெட்டியின் விலையில் ஒரு சிறு பங்கில் செண்டிமீட்டர் ஸ்டீயரிங் கட்டிக்கொண்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஸ்பேனரும் சால்டரிங் கம்பியும் பிடிக்கத் தெரிந்தவருக்கு நல்ல வழி. அறுவடை வாரத்தில் பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்று யோசிப்பவர், பக்கத்து ஊரில் மெக்கானிக் உள்ள நிறுவனத்துப் பெட்டியை வாங்குவதே புத்திசாலித்தனம்.

என்னைக் கேட்டால், கருவியின் பெயரையும் திரையின் பளபளப்பையும் கடைசியாகப் பாருங்கள். பயிருக்கு எத்தனை செண்டிமீட்டர் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, கடைக்காரரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: திருத்தம் எங்கிருந்து வருகிறது? அது நின்றுபோனால் எத்தனை நிமிடம் கோடு நிற்கும்? அடுத்த வருடம் இதே கோடு இதே மண்ணில் இருக்குமா? அவர் விழித்தால் வேறு கடை பாருங்கள்.

மூன்றாவது கேள்விக்கான விடையை 2024 மே மாதத்தில் அமெரிக்கர்கள் கண்ணெதிரே பார்த்தார்கள். புயல் தணிந்ததும் கருவிகள் சரியாகிவிட்டன. ஆனால் புயலுக்கு நடுவே விதைத்தவர்களைக் கடைக்காரர்கள் எச்சரித்தார்கள்: உரம் வைக்கவும் களையெடுக்கவும் அறுவடைக்கும் அந்த வயலுக்குப் போகும்போது, திரை காட்டும் இடத்தில் பயிர் வரிசை இருக்காது; ஸ்டீயரிங்கைக் கையில் பிடித்து, கண்ணால் பார்த்துத்தான் ஓட்டவேண்டும்.